சிறு வட்டில் பெரும் பொதியை அவிழ்த்தல்

கலைக்களஞ்சியம் ஒன்றைப் பெற விரும்புவோர் அலமாரி நிறைய நூல் வாங்கவேண்டிய காலம் கடந்தது. விக்கிப்பீடியாவின் கட்டுரைகள் யாவும் ஒரே பொதியாகச் சுருக்கப்பெற்று, வேண்டுவோர்க்கு விலையின்றிக் கிடைக்கின்றன. இணையத் தொடர்பு அறுந்துபோகும் மலைத்தோட்டங்களில் வாழும் மாணவர்க்கு இஃதொரு பெரும் பேறாகும். உதகையிலோ குன்னூரிலோ ஒருமுறை இறக்கிக்கொண்டால், பின்னர் வீட்டிலிருந்தே கற்கலாம். ஆயின் பொதியைப் பெற்றும் அவிழ்க்க இடமின்றி இடர்ப்படுவோர் பலர். அவ்விடர் நீங்கும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

சுருக்கம் என்பது யாது? திரும்பத் திரும்ப வருவனவற்றை முழுதும் எழுதாது குறுங்குறிகளால் குறித்தலேயாம். ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ பசுந்தேயிலை ஆலையில் 1 கிலோ தூளாவதை நம் மலைநாட்டார் அறிவர். தூள் மீண்டும் தழையாகாது. சுருக்கிய பொதியோ ஓரெழுத்தும் குறையாது பழைய உருவை அடையும். அதற்கு இடம் வேண்டும். ஆங்கில விக்கிப்பீடியாப் பொதி ஏறத்தாழ 25 ஜிகாபைட்டு. விரிந்தால் 100 ஜிகாபைட்டைக் கடக்கும். பொதியும் அதன் விரிவும் ஒருங்கே தங்கவேண்டுமாதலின், 128 ஜிகாபைட்டு வட்டு இதனைத் தாங்காது.

ஆதலின் முதற்கண் அளவறிதல் வேண்டும். ஜிப் வகைப் பொதியின் இறுதியில் ஒரு பட்டியல் உண்டு. கோப்புகளின் விரிந்த அளவை அவிழ்க்காமலே அது காட்டும். விக்கிப்பீடியாப் பொதியோ 1996 இல் ஜூலியன் சீவர்ட் வெளியிட்ட பிஜிப்-2 முறையில் அமைந்தது. அதில் அவ்வளவு குறிக்கப்பெறுவதில்லை.

இத்தகைய பொதிக்கு ஓடைமுறை உதவும். யூனிக்ஸ் அமைப்பில் 1973 முதல் வழங்கும் குழாய் என்னும் உத்தியால், ஒரு நிரல் விரிப்பதை வட்டில் எழுதாமலே மற்றொரு நிரலுக்கு ஊட்டலாம். நீலகிரி என்னும் சொல் வரும் வரிகளை மட்டும் பிரித்தெடுத்து எழுதினால், அவற்றிற்கு மட்டுமே வட்டில் இடம் வேண்டும். விரிக்கும் நிரலுக்கு நினைவகத்தில் ஏறத்தாழ 4 மெகாபைட்டே போதும். எனினும் ஒவ்வொரு முறையும் பொதியை முதலிலிருந்து ஓட்டவேண்டும். இடத்தின் விலையைக் காலத்தால் கொடுக்கின்றோம்.

காலமும் மிச்சமாக வேறொரு வழியுண்டு. விக்கிமீடியா நிறுவனத்தார் நூறு நூறு பக்கங்களைத் தனித்தனியே சுருக்கி, அச்சிறு கட்டுகளை வரிசையாகக் கோத்த மற்றொரு பொதியையும் வெளியிடுகின்றனர். எக்கட்டுரை எவ்விடத்தில் தொடங்கும் கட்டில் உளது என்பதை உடன்வரும் அட்டவணை கூறும். அவ்விடத்திற்கே சென்று அக்கட்டை மட்டும் அவிழ்த்தால் வேலை முடிந்தது. ஒரு குவளைத் தேநீருக்குப் பெட்டித் தூள் முழுவதையும் கொதிக்கவிடுவார் உண்டோ? கிவிக்ஸ் என்னும் செயலியும் தனக்குரிய ஜிம் வகைக் கோப்பை முழுதும் அவிழ்க்காமலே பக்கம் பக்கமாகத் திறந்து காட்டும்.

முழுதும் விரித்தே ஆகவேண்டுமாயின், பொதியை ஒரு புறவட்டிலும் விரிவை மற்றொன்றிலும் வைத்தல் தகும். ஃபேட்-32 முறையில் அமைந்த வட்டு 4 ஜிகாபைட்டும் அதற்கு மேலும் உள்ள தனிக்கோப்பை ஏற்காது என்பதை மறவற்க. இடம் வேண்டி மூலப்பொதியை அழிக்குமுன், விரிவு முற்றுப்பெற்றதா என்று பார்த்தல் இன்றியமையாதது. பொதி பழுதற்றதா என அறியும் சோதனைக் கட்டளை வட்டில் ஒன்றும் எழுதுவதில்லை. ஆதலின் அதனை முன்னரே செய்துகொள்க.

பழைய கணினி ஒன்றே உடைய மாணவர், இடம் போதாதென்று கல்வியைக் கைவிட வேண்டுவதில்லை. வேண்டுவதை மட்டும் வேண்டும்போது எடுத்துக்கொள்ளக் கற்றால், சிறு வட்டும் பெருங்களஞ்சியத்திற்கு வாயிலாகும்.