மேலத்தோட்டத்து இன்ஜின்

விடியுமுன்னே எங்கள் ஊரை எழுப்பியது ஆயில் இன்ஜின். மேற்கே ஒரு கிணற்றில் 'டுப், டுப்' என்று தொடங்கும். கொஞ்ச நேரத்தில் கிழக்கேயிருந்து இன்னொன்று சேர்ந்துகொள்ளும். கட்டிலில் கிடந்தபடியே அப்பத்தா சொல்லும்: "அது மேலத்தோட்டம். இந்தா, வாத்தியார் வீட்டு இன்ஜின் திணறுது பாரு, டீசல்ல தண்ணி கலந்திருக்கும்." பம்பு தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுத்தால் சத்தம் லேசாகிவிடும். அதை வைத்து யார் கிணறு வற்றுகிறது என்பதையும் அப்பத்தா கண்டுபிடித்துவிடும். பொன்னமராவதியிலிருந்து கொன்னையூர் போகிற பக்கம் எங்கள் ஊர். எழுபதுகளின் கடைசி அது.

இன்று அதே ஊரில் விடியற்காலையில் ஒரு சத்தமும் கிடையாது. சப்மெர்சிபிள் மோட்டார் தரைக்குள் எங்கோ ஆழத்தில் ஓடுகிறது. தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டால்தான் மோட்டார் ஓடுவதே தெரியும்.

எங்கள் பக்கம் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனம் உள்ள நிலம். மாவட்டத்தின் கிழக்கு ஓரத்துக்குக் காவிரித் தண்ணீர் வருகிறது. பொன்னமராவதிப் பக்கம் கண்மாயும் கிணறும்தான் கதி. கண்மாய் வற்றிய பிறகு கத்தரி, மிளகாய், கடலை எல்லாவற்றையும் காப்பாற்ற வேண்டியது கிணறு. ஐயா காலத்தில் அதற்குக் கமலை. இரண்டு மாடு, ஒரு சால், வடம், வால்கயிறு, விடிகாலையில் எழுந்திருக்க ஒரு ஆள். பொழுதெல்லாம் இறைத்தாலும் அரை ஏக்கர் பாய்வதே பெரிது என்று ஐயா சொல்வார். 1969இல் வங்கிகள் நாட்டுடைமையானபின் கடன் கிடைப்பது கொஞ்சம் சுலபமாயிற்று. நிலவள வங்கியும் கிணறு வெட்டவும் இன்ஜின் வாங்கவும் கொடுத்தது. ஐயாவும் வாங்கினார். இங்கிலாந்தில் லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த ஒற்றை சிலிண்டர் இன்ஜினைப் பார்த்து, குஜராத்தில் ராஜ்கோட் பட்டறைகளில் வார்த்த இன்ஜின் அது. 'லிஸ்டர் மாடல்' என்பார்கள். நிமிடத்துக்கு 650 சுற்று, ஆறு குதிரைத்திறன். பச்சைப் பெயின்ட், இரண்டு பக்கமும் ஆளின் இடுப்பு உயரத்துக்கு ஃபிளைவீல்.

அதை ஸ்டார்ட் செய்வது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். முதலில் டீசல் குழாயில் காற்று நிற்கிறதா என்று நட்டைத் தளர்த்திப் பார்ப்பார் ஐயா. குமிழி இல்லாமல் டீசல் வந்த பிறகு நட்டை முறுக்குவார். பம்பில் தண்ணீர் நிற்கவில்லையென்றால், அடியில் ஃபுட் வால்வு கசிகிறது என்று பொருள். அதற்குச் சாணியைக் கரைத்து ஊற்றுவோம்; கசிவு அடைத்துக்கொள்ளும். பிறகு தலையில் இருக்கும் சின்ன லிவரைத் தூக்கிவிட்டு ஹேண்டிலைப் போடுவார். லிவர் தூக்கியிருந்தால் சிலிண்டருக்குள் காற்று அழுந்தாது, சக்கரம் லேசாகச் சுற்றும். ஒன்று, இரண்டு, மூன்று... ஃபிளைவீல் வேகம் பிடித்ததும் "விடுடா!" என்பார். நான் லிவரைத் தட்டிவிடுவேன். ஒரு கணம் எதுவும் நடக்காது. அப்புறம் 'டப்' என்று முதல் வெடி, குழாய் வாயில் கறுப்புப் புகை. அந்த நொடியில் ஹேண்டிலை உருவிவிட வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். ஐயாவின் வலது மணிக்கட்டு கடைசிவரை கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது.

குளிர வைப்பதற்குப் பக்கத்தில் ஒரு டிரம் தண்ணீர். சூடான தண்ணீர் தானே மேலே ஏறி டிரம்முக்குப் போகும், குளிர்ந்தது கீழ்வழியாக இன்ஜினுக்குள் வரும். மார்கழிக் குளிரில் அந்த டிரம்மில் மொண்டு குளித்துவிட்டுத்தான் நாங்கள் பள்ளிக்கூடம் போனோம்.

இரண்டு காரணங்கள் சேர்ந்து இன்ஜினை ஓய வைத்தன. ஒன்று எல்லோருக்கும் தெரியும். 1990இல் தமிழ்நாட்டில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. டீசலுக்குக் காசு கொடுத்து ஹேண்டில் சுற்ற யாருக்கு மனசு வரும்? மற்றொன்றை அவ்வளவாகப் பேசுவதில்லை. தண்ணீரை மேலே உறிஞ்சும் பம்பு, கணக்குப்படி 33 அடிக்கு மேல் இழுக்க முடியாது. காற்றின் அழுத்தம் தள்ளுகிற தூரம் அவ்வளவுதான். தோட்டத்தில் 25 அடி இழுத்தாலே நல்ல பம்பு. கிணற்றில் மட்டம் இறங்க இறங்க பம்பையும் கூடவே இறக்கினார்கள். கிணற்றுச் சுவரில் திட்டு வெட்டி இன்ஜினையே உள்ளே இறக்கிய இடங்களும் உண்டு. அந்தப் புகையில் மூச்சு முட்டி ஆட்கள் செத்த செய்தியும் வந்துகொண்டிருந்தது. பிறகு போர் போட்டார்கள். தைலமரக் காடுகள்தான் தண்ணீரைக் குடித்துவிட்டன என்று எங்கள் மாவட்டத்து விவசாயிகள் இன்றும் போராடுகிறார்கள். காரணம் எதுவானாலும் கிணறு காய்ந்தது. கிணறு காய்ந்தபின் இன்ஜினுக்கு வேலை இல்லை.

எங்கள் இன்ஜினை 1996இல் எடைக்குப் போட்டோம். ஆறு பேர் சேர்ந்து வண்டியில் ஏற்றினார்கள். ஐயா அன்றைக்குத் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. அந்தக் காசில் என்ன வாங்கினோம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வருவதில்லை. அது என்னை இன்றும் உறுத்துகிறது.

இங்கிருந்து காரைக்குடி பக்கம்தான். முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளின் தேக்குத் தூணுக்கும் நிலைக்கும் எனாமல் தூக்குச்சட்டிக்கும் விலை சொல்ல ஆள் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்து வாங்கிப் போகிறார்கள். இன்ஜினுக்கு அங்கே இடம் கிடையாது. பழைய இரும்புக்குக் கிலோ விலைதான். ஆகவே இன்று ஒருவர் பழைய இன்ஜினைத் தேடிப் பிடித்து ஓட்ட வைக்கிறார் என்றால், லாபம் பார்த்து அதைச் செய்யவில்லை என்பதை நிச்சயமாகச் சொல்லலாம்.

அப்படி ஒருவர் என் பங்காளி. சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்துவிட்டுத் திரும்பியவர். மேலத்தோட்டத்து இன்ஜின் கருவேலம் புதருக்குள் கிடந்ததைக் கேட்டு வாங்கிவந்தார். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி வாரக்கணக்கில் ஊற வைத்தார். தினமும் ஒரு தடவை மரக்கட்டையை வைத்துத் தட்டிப் பார்ப்பார். ஒருநாள் மாலை போன் வந்தது. "தம்பி, ஒரு நூல் அசைஞ்சிருச்சு." அவ்வளவுதான் சொன்னார். குரல் உடைந்திருந்தது.

மற்ற வேலைகளுக்கு ஊர் முழுக்க ஆள் தேவைப்பட்டது. பொன்னமராவதி லேத் பட்டறையில் புஷ் கடைந்தார்கள். பிஸ்டன் ரிங்குக்கு மதுரை வரை போனார். வால்வைப் பேஸ்ட் போட்டுக் கையாலேயே தேய்த்து உட்கார வைக்க, எண்பதைத் தொடும் பழைய மெக்கானிக் ஒருவரை வீட்டிலிருந்து அழைத்துவந்தார்கள். அவருக்குக் கை நடுங்குகிறது. ஆனால் நாசிலைக் கழற்றி டீசலை அடித்துப் பார்த்தபோது, கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் கொடுத்தார். "கீச்சுன்னு கத்தணும்ப்பா. இது முனகுது. திரும்பக் கழட்டு." மூன்றாம் முறை கத்தியது. "இப்ப மாட்டு" என்றார். அந்தச் சத்தம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அவரோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற பாலிடெக்னிக் பையன் அதை இப்போது கேட்டுவிட்டான்.

டிராக்டரிலும் இதே மனசைப் பார்க்கிறேன். சென்னையில் 1960இல் தொடங்கிய டாஃபேயின் மாஸி பெர்குசன் எங்கள் பக்கம் உழவு மாட்டின் இடத்தைப் பிடித்தது. அதில் முதலில் வந்த வண்டிகளைப் புது வண்டி வாங்கிய பிறகும் விற்காமல் கொட்டகையில் வைத்திருக்கும் வீடுகள் உண்டு. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவிலேயே செய்கிறார்கள். வீட்டைச் சுற்றிய தோட்டத்துக்கென்று வந்த சின்ன டிராக்டர்கள், 1961இல் வந்த கப் கேடட், 1963இல் வந்த ஜான் டீர் 110, வீல் ஹார்ஸ் போன்றவை, அங்கே தேடித் தேடிச் சேர்க்கப்படுகின்றன. சின்ன வண்டி, ஒற்றை சிலிண்டர், வீட்டுக் கொட்டகையில் அடங்கிவிடும், ஒரு மனிதர் தன் கையாலேயே முழுதாகப் பிரித்துத் திரும்ப மாட்டிவிடலாம். அப்பா ஓட்டியது என்ற ஒட்டுதலும் அங்கே உண்டு. எங்கள் இன்ஜினும் அந்த இனம்தான். எதுவும் மூடி மறைத்திருக்காது. வால்வு தட்டுவதும் ஃபிளைவீல் சுற்றுவதும் கண்ணெதிரே. எது ஏன் நின்றது என்று பார்த்தாலே தெரியும். போர் குழாய்க்குள் மோட்டார் எரிந்தால், மொத்தத்தையும் மேலே இழுத்து வைண்டிங் கடைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கத்தான் நம்மால் முடிகிறது.

பழைய இன்ஜினை ஓட்ட வைப்பதைப் பொழுதுபோக்கு என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. எங்கள் மாவட்டத்தில் உழவு மாடு போன வீட்டிலும் ஜல்லிக்கட்டுக் காளை நிற்கிறது. பால் தராது, ஏர் இழுக்காது, வாடிவாசலில் சில நொடி. அதற்காக வருடம் முழுக்கப் பருத்திக்கொட்டை ஆட்டிப் போடுகிறோம். அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை, ஏனென்றால் அந்தக் காளை வீட்டில் ஒருவர். கமலையிலிருந்து மாட்டை அவிழ்த்துவிட்டு அந்த இடத்தில் நின்றது இந்த இன்ஜின். கத்தரியும் கடலையும் விளைவித்து எங்களைப் படிக்க வைத்ததும் அதுதான். அதற்கு ஒரு கொட்டகை கூடாதா?

போன ஆயுத பூசைக்குப் போயிருந்தேன். இன்ஜினுக்குச் சந்தனம், குங்குமம், ஃபிளைவீலில் ஒரு முழம் மல்லிகை. கிணற்றில் இழுக்கத் தண்ணீர் இல்லை. ஆகவே ஒரு சிமென்ட் தொட்டி கட்டி, அதிலிருந்தே இழுத்து அதிலேயே கொட்டுவதுபோல் குழாயை வளைத்திருந்தார் பங்காளி. பூசணிக்காய் உடைத்தார்கள். ஹேண்டிலை அவர் சுற்றினார். லிவர் அந்தப் பாலிடெக்னிக் பையன் கையில். நான் விலகித்தான் நின்றேன், ஆனால் என் விரல் தானே மடங்கியது. "விடு!" என்றார். முதல் வெடி. இரண்டாவது. தொட்டியில் தண்ணீர் விழ ஆரம்பித்தது.

அப்பத்தா இருந்திருந்தால் உள்ளேயிருந்தே சொல்லியிருக்கும், மேலத்தோட்டம் என்று. தெருவில் போன பெரியவர் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வரப்பில் வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து டிரம்மில் கை விட்டுப் பார்த்தார், தண்ணீர் சூடாகிவிட்டதா என்று.