சிறு ஜெனரேட்டரும் பெரும் விபரீதமும்

அமெரிக்கக் கிராமங்களில், 1935-ஆம் ஆண்டு ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஸ்தாபித்த கிராம மின்வசதி நிர்வாகத்தின் கடனுதவியால் குடியானவர்களே கூடி அமைத்த மின்சாரக் கூட்டுறவுச் சங்கங்கள், புயற்காலத்தில் தம் அங்கத்தினரை எச்சரிப்பதுண்டு: ஜெனரேட்டரை வீட்டுக் கம்பிகளோடு நேரே இணைக்காதீர்கள்.

ஏன்? கம்பத்திலுள்ள டிரான்ஸ்பார்மர், 7,200 வோல்ட்டை 240 ஆகக் குறைப்பதற்கென்றே வைக்கப்பட்டதாயினும், திசை பார்த்து வேலை செய்யும் சாதனமன்று. வீட்டுப் பக்கமிருந்து மின்சாரம் புகுந்தால், அதன் சுருள்களின் சுற்று விகிதம் 30-க்கு 1 ஆதலால், அதே 240 வோல்ட்டை 7,200 ஆக உயர்த்தி, கம்பியில் மின்சாரம் இல்லையென்று நம்பிப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் கைக்கே அனுப்பிவிடும். (ஏணிக்குத் தெரியுமா, ஏறுகிறவன் யார், இறங்குகிறவன் யார் என்று!)

மெயின் ஸ்விட்சை அணைத்தால் போதாதோ எனின், இருட்டிலும் அவசரத்திலும் ஞாபகசக்தியை நம்பி ஓர் உயிரை ஒப்படைக்கலாகாது. ஜெனரேட்டரும் வெளிக் கம்பியும் ஏககாலத்தில் இணையவே இயலாதபடி தடுக்கும் மாற்று ஸ்விட்சைத் தேர்ந்த எலெக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். அதற்கு வசதியில்லையேல், விளக்கையும் குளிர்பெட்டியையும் ஜெனரேட்டரிலேயே நேராகச் செருகிக்கொள்ளுங்கள்.