கேட்பதும் ஒரு மருந்தே!



"சின்ன ஆபரேஷன்தான், காலையில் போனால் பின்னேரம் வந்துவிடலாம்" என்று சொல்லிப் பிள்ளைகளை மாமியிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுகிறீர்கள். ஒரு கட்டியை அகற்றுவதாக இருக்கலாம், மூல வியாதியாக இருக்கலாம், கருப்பையைச் சுத்தம் செய்யும் சிகிச்சையாகவும் இருக்கலாம். அல்லாஹ்வின் உதவியால் எல்லாம் நல்லபடியாக முடிகிறது. ஆனால் பின்னேரம் டிக்கட் வெட்டவில்லை. காய்ச்சல் அடிக்கிறது, அல்லது சீனி கூடியிருக்கிறது, அல்லது இரத்தம் நின்றபாடில்லை. "இன்னும் இரண்டு நாள் இருக்க வேண்டும்" என்கிறார் வைத்தியர். இரண்டு நாள் ஐந்து நாளாகிறது. மாற்றுடுப்பு இல்லை, தொழுகை உடுப்பு இல்லை, வீட்டில் அடுப்பு எரிகிறதோ இல்லையோ தெரியாது. மனம் கலங்கிப் போகிறது.

பசறை, லுணுகலை, வெலிமடை, ஹப்புத்தளை என்று மலையும் தோட்டமும் கடந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வருகின்ற எமது பெண்களுக்கு இது புதிய அனுபவமல்ல. வசதி குறைந்தவர்களுக்கு மட்டும் வருகின்ற சோதனையுமல்ல. அமெரிக்காவின் பாதுகாப்புச் செயலாளராக இருந்த லொயிட் ஒஸ்டின் 2023 டிசம்பர் 22ஆம் திகதி, அந்நாட்டின் பெயர்பெற்ற வோல்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் புற்றுநோய்க்காகச் சத்திர சிகிச்சை செய்துகொண்டார். மறுநாளே வீடு திரும்பினார். ஆனால் 2024 ஜனவரி 1ஆம் திகதி கடும் வலியோடு அம்புலன்சில் திரும்பக் கொண்டு செல்லப்பட்டார். சிறுநீர்த் தொற்று ஏற்பட்டிருந்தது. இரண்டு வாரம் படுக்கையில் இருந்தார். அவர் ஆஸ்பத்திரியில் இருப்பது சில நாட்களாக அந்நாட்டு ஜனாதிபதிக்கே தெரியாது! பின்னர் அதற்காக அவர் வருத்தம் தெரிவித்தார்.

எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியானாலும் உடல் தன் நேரத்திலேயே ஆறும். அது எமது கையில் இல்லை. ஆனால் வாய் திறந்து கேட்பதும் சொல்வதும் எமது கையில் இருக்கின்றன. இதில்தான் எமது பெண்கள் பின்நிற்கிறார்கள்.

வைத்தியரிடம் கேளுங்கள்

வார்ட்டில் வைத்தியர் சிங்களத்தில் விரைவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். விளங்கியதோ இல்லையோ, நாம் தலையை ஆட்டிவிடுகிறோம். அவர் போன பிறகு பக்கத்துக் கட்டில்காரியிடம், "என்ன சொன்னார்?" என்று கேட்கிறோம். இது கூடாது. ஏன் மறித்திருக்கிறார்கள், எந்த மருந்தை எத்தனை நாள் எடுக்க வேண்டும், தையல் எப்போது வெட்ட வேண்டும், எவ்வளவு பாரம் தூக்கலாம் என்ற நான்கையும் கேட்டு, மொழி தெரிந்த ஒருவர் மூலம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

"பிள்ளைகள் தனியே" என்று கையெழுத்து வைத்துவிட்டு இடையில் ஓடி வருவோரும் உண்டு. எம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ள வேண்டாம் என்று அல்குர்ஆன் தடுத்திருப்பதை மறந்துவிடாதீர்கள். வீடு வந்த பின் காய்ச்சல், காயத்தில் சீழ் அல்லது கெட்ட வாடை, பரவும் சிவப்பு, கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சு முட்டுதல், மிகுந்த இரத்தப்போக்கு, இவற்றில் எது கண்டாலும் விடியும் வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காயத்தில் எண்ணெய், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். "மீன், முட்டை தின்றால் புண் சீழ் பிடிக்கும்" என்ற பேச்சையும் நம்பாதீர்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும். வைத்தியர் விலக்காதவரை மீன், முட்டை, பருப்பு எல்லாம் உங்களுக்கு உணவும் மருந்துமாகும்.

மார்க்கத்தைக் கேளுங்கள்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் எமது பெண்கள் முதலில் கைவிடுவது தொழுகையைத்தான். "உடுப்பில் இரத்தம், கையில் சேலைன் ஊசி, எப்படித் தொழுவது? வீட்டுக்குப் போய்க் கழாச் செய்வோம்" என்று இருந்துவிடுகிறார்கள். இன்னும் சிலர், கட்டை அவிழ்த்துக் காயத்தில் தண்ணீர் ஊற்றி வுழூச் செய்யப் பார்க்கிறார்கள். இரண்டுமே கேளாமையின் விளைவுகள்.

ஒரு பிரயாணத்தில் ஸஹாபி ஒருவருக்குக் கல் பட்டுத் தலையில் காயம் உண்டானது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்யலாமா என்று கூட வந்தவர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது ஆகாது என்றார்கள். அவர் குளித்தார், மரணித்தார். செய்தி அறிந்த நபி (ஸல்) அவர்கள் கடும் கோபங்கொண்டார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமை என்ற நோய்க்குக் கேட்பதுதானே நிவாரணம் என்று கண்டித்தார்கள். ஜாபிர் (ரழி) அவர்கள் மூலம் அபூதாவூதில் பதிவான இந்தச் சம்பவத்தை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரழி) அவர்களுக்கு மூல வியாதி இருந்தது. சொல்லக் கூசும் நோய்தான். ஆனாலும் எப்படித் தொழுவது என்று நபியவர்களிடமே கேட்டார்கள். நின்று தொழ வேண்டும், இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்து என்ற சட்டம் அந்தக் கேள்வியால் இந்த உம்மத்துக்கே கிடைத்தது. புகாரியில் இது உள்ளது.

ஆகவே கழுவ முடிந்த உறுப்பைக் கழுவி, கட்டின் மேல் ஈரக்கையால் தடவி, காயத்துக்காகத் தயம்மும் செய்வது ஷாஃபிஈ மத்ஹபின் வழி. ஒரு சிறு பையில் சுத்தமான காய்ந்த மண் கொண்டுவரச் சொல்லுங்கள். உடுப்பை மாற்ற வழியில்லாவிட்டாலும், சிறுநீர்க் குழாய் போட்டிருந்தாலும், கட்டிலைக் கிப்லாவுக்குத் திருப்ப முடியாவிட்டாலும் வக்தைத் தவற விடாதீர்கள். இருக்கும் நிலையிலேயே தொழுதுவிட்டு, திருப்பித் தொழ வேண்டுமா என்பதைப் பின்னர் ஊர் ஆலிமிடம் கேட்கலாம். மிகக் கஷ்டமானால் ளுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழ இமாம் நவவி (ரஹ்) போன்றோர் நோயாளிக்கு இடம் கொடுத்துள்ளனர்.

கருப்பைச் சிகிச்சைக்குப் பின் வரும் இரத்தம் எந்த வகையைச் சேர்ந்தது, தொழுகை உண்டா இல்லையா என்பது ஆளுக்கு ஆள் மாறும். வெட்கப்பட்டு ஊகித்துக்கொள்ளாதீர்கள். நேரில் கேட்கக் கூச்சமானால் கணவர் மூலமோ ஆலிமின் மனைவி மூலமோ கேளுங்கள். மார்க்கத்தை விளங்கிக்கொள்ள வெட்கம் தடையாக இருக்கவில்லை என்றுதான் அன்ஸாரிப் பெண்களை ஆயிஷா (ரழி) அவர்கள் புகழ்ந்தார்கள்.

வீட்டாரிடம் சொல்லுங்கள்

டிக்கட் வெட்டி வந்த மறுநாளே குடம் தூக்கி, விறகு பிளந்து, குனிந்து வீடு கூட்டும் பெண்கள் எத்தனை பேர்! பக்கத்துக் கட்டிலில் இருந்த தோட்டத்துச் சகோதரி, லயத்துக்குப் போனதும் மேட்டுப் பீலியிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டும், கொழுந்துக் கூடை சுமக்க வேண்டும். அவளும் எமது அயலவள்தான். ஒரு நேரச் சோறு கொடுத்தனுப்பினால் அதுவும் ஸதகாவே.

கணவன்மாரும் மாமிமாரும் இதனைக் கவனிக்க வேண்டும். 1284ஆம் ஆண்டளவில் மம்லூக் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் ஒரு பெரிய வைத்தியசாலையை வக்ஃபாகக் கட்டினார். குணமாகி வெளியேறும் நோயாளி உடனே கூலிவேலைக்கு ஓடாதிருக்கக் கையில் பணமும் உடையும் கொடுத்து அனுப்பினார்கள் என்று வரலாறு கூறுகிறது. வார்ட்டை விட்டு வருவது சுகமாவதன் பாதி வழிதான் என்பதை அன்றே அறிந்திருந்தார்கள்! எமது வீட்டுப் பெண்ணுக்குச் சில வார ஓய்வு கொடுக்க எமக்கு முடியாதா?

சகோதரிகளே! ஓதல் குறைந்ததே, நபில் தவறியதே என்று அழாதீர்கள். சுகமாக இருந்தபோது செய்துவந்த அமல்களின் கூலி நோயாளிக்கு எழுதப்படுகிறது என்று நபி (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். ஆகவே அமைதியாகப் படுத்திருங்கள். தெரியாததைக் கேளுங்கள். இயலாததை இயலாது என்று சொல்லுங்கள்.

யா அல்லாஹ்! ஆஸ்பத்திரிக் கட்டில்களில் இருக்கும் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வாயாக. ஆமீன்.