கார்த்திகைக் காய்ச்சலுக்கு மாசியில் முடி கொட்டும், தெரியுமா?

கடலூர் முதுநகரானாலும் சரி, சிதம்பரமானாலும் சரி, முடி கொட்டினால் முதல் பழி போர் தண்ணீர் மேல்தான்! ஆனால் கோவையில் 15 பேருடைய முடியைக் கடின நீரிலும் வாலைவடிநீரிலும் நனைத்து, இழுத்துச் சோதித்தே பார்த்துவிட்டார்கள், தெரியுமா? 2013-ல் வெளியான அந்த ஆய்வில் முடியின் உறுதியில் வித்தியாசமே இல்லை! போர் தண்ணீர் போன்ற கடின நீரில் குளியல் சோப்பைத் தலைக்குப் போட்டால்தான் வம்பு. நுரை வராது, பிசுக்காகப் படியும், அரிக்கும். தலைக்கு ஷாம்புவே போதும்.

அப்படியானால் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது ஏன்? இதுதான் பெரிய ஆச்சரியம். நம் தலையில் சுமார் 1 லட்சம் முடி. பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வெடுக்கும். டெங்கு, பிரசவம், பட்டினி டயட் என்று ஏதாவது ஒன்று உடம்பை உலுக்கினால், வளரும் முடியில் ஒரு பெரும் பங்கு சட்டென்று ஓய்வுக்குப் போய்விடும். ஆனால் உடனே உதிராது! 2, 3 மாதம் கழித்துத்தான் சீப்போடு வரும். கார்த்திகை அடைமழையில் காய்ச்சலோடு படுத்தவர், தேவனாம்பட்டினம் மாசிமகத் தீர்த்தவாரிக்குக் கிளம்பும்போது தலை வாரிவிட்டுப் பதறுவார். காய்ச்சலை அதற்குள் மறந்தே போயிருப்பார்!

உதிர்ந்த முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலை போல வெள்ளை முடிச்சு தெரிகிறதா? "ஐயோ, வேரோடு வந்துடுச்சே" என்று அழவே வேண்டாம். அது காலம் முடிந்து விழுந்த முடி. வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது. காரணம் விலகினால் பெரும்பாலும் 6 மாதத்துக்குள் கொட்டுவது அடங்கிவிடும். அடங்காவிட்டால், அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில், அதாவது இன்றைய கடலூர் அரசு மருத்துவக் கல்லூரியில், தோல் மருத்துவரைப் பாருங்கள்.

திருவந்திபுரத்தில் மொட்டை போட்டால் முடி அடர்த்தியாகுமா? வேண்டுதல் நிறைவேறும், அடர்த்தி கூடாது! கத்தி வெட்டுவது தோலுக்கு மேலே உள்ள முடியை மட்டுமே. மழுங்கிய நுனியோடு முளைப்பதால் தடவும்போது தடிப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

புழுவெட்டில் புழுவே கிடையாது, தெரியுமா? நம் எதிர்ப்பு சக்தியே நம் முடியின் வேரைத் தாக்குகிறது! அதற்குப் பாட்டி வைத்தியமான வெங்காயச் சாற்றை பாக்தாத்தில் புழுவெட்டு வந்த 23 பேருக்குத் தடவிப் பார்த்தார்கள். 6 வாரத்தில் 20 பேருக்கு முடி முளைத்தது என்கிறது 2002-ல் வெளியான ஆய்வு. சிறிய ஆய்வுதான், புண்ணான தோலில் மட்டும் தடவிவிடாதீர்கள், எரியும்.

பொடுகு அரிக்கிறது என்று எண்ணெயைத் தேய்க்கிறோமே, பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் சாப்பாடு! கீட்டோகோனசோல் ஷாம்புவைப் போட்டு 5 நிமிடம் ஊறவிட்டு அலசுங்கள். காதுக்குப் பின்னால் அரித்தால் பேனாக இருக்கலாம். ஈர் பொரிக்க 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் பேன் மருந்தை ஒருமுறை போட்டதோடு விட்டுவிடக் கூடாது.

பிள்ளையின் தலையில் வட்டமாக முடி ஒடிந்து, செதில் உதிர்ந்தால் தாமதிக்கவே வேண்டாம். அது படர்தாமரையாக இருக்கலாம். தலையில் வரும் படர்தாமரைக்கு மேலே தடவும் களிம்பு போதாது, தெரியுமா? மருத்துவர் தரும் மாத்திரையை வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். குணமாகும்வரை அந்தப் பிள்ளையின் சீப்பும் துண்டும் தனியாக இருக்கட்டும்.