இந்தியக் குடிமகன் யார்? நீதிமன்றங்கள் விடை காணும் முறை

பிழைப்பின் பொருட்டும் உத்தியோகத்தின் பொருட்டும் தமிழ்நாட்டை விட்டு வெளி மாநிலங்களில் வாழ்கின்ற நம்மவரை நோக்கி அயலார் கேட்கும் முதற் கேள்வி, 'நீங்கள் எந்த ஊர்?' என்பதாகும். அது நட்பின் தொடக்கம். அதற்கு விடை கூறுவதில் நமக்கு மகிழ்ச்சியே உண்டு. ஆனால், 'நீர் எந்த நாட்டவர் என்பதற்கு அத்தாட்சி காட்டுக' என்று சர்க்கார் அலுவலகத்திலிருந்து ஒருவருக்கு அறிவிப்பு வருமானால், அது முற்றிலும் வேறு வகையான கேள்வி. வாக்குரிமையும், பாஸ்போர்ட்டும், சிலவேளை இந்நாட்டில் வாழும் உரிமையுமே அதன் விடையைப் பொறுத்து நிற்கின்றன. அத்தகைய வழக்குகளை நம் நீதிமன்றங்கள் எம்முறையில் தீர்க்கின்றன என்பதை இங்கே ஆராய்வோம்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்திற் கொள்ள வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் தேசத்துக்கு ஒன்றும் மாநிலத்துக்கு ஒன்றுமாக இரு குடியுரிமைகள் உண்டு. இந்தியாவிலோ குடியுரிமை ஒன்றே. மருத்துவக் கல்லூரி இடங்களைப் பற்றிய 1984-ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில், இந்தியர்க்கு உள்ள நிலைவாசம் இந்தியா முழுமைக்குமான ஒன்றே என்றும், மாநிலத்துக்கொரு நிலைவாசம் என்பது சட்டத்தில் இல்லை என்றும் உச்ச நீதிமன்றம் கூறிற்று. 2025 ஜனவரியில் அக்கருத்தை அது மீண்டும் உறுதிசெய்தது. ஆகவே, மும்பையில் வாழும் தமிழர் அங்கே விருந்தாளி அல்லர். தம் நாட்டில் தாம் வாழ்பவரே. நாடெங்கும் சென்று குடியிருக்கும் சுதந்தரத்தை அரசியலமைப்புச் சட்டத்தின் 19-ஆம் ஷரத்து ஒவ்வொரு குடிமகனுக்கும் அளித்திருக்கிறது.

எனவே, வழக்கு வரும்போது நீதிமன்றம் ஒருவருடைய மொழியையோ உடையையோ பார்ப்பதில்லை. அது பார்ப்பவை மூன்று: எப்பொழுது பிறந்தார், எங்கே பிறந்தார், பெற்றோர் யாவர். 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின்படி, 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவிற் பிறந்தவர், அயல்நாட்டுத் தூதர்களின் மக்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பினாலேயே குடிமக்கள் ஆவர். 1987 ஜூலை 1 முதல் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடியுரிமை உடையவராதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்க்கு விதி இன்னும் இறுகியது. பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாக இருந்து, மற்றவர் சட்டவிரோதமாகக் குடிபுகுந்தவர் அல்லாதவராக இருத்தல் வேண்டும்.

ஒரு நாளின் வேற்றுமை ஒரு வாழ்க்கையையே மாற்றக்கூடும் என்பதற்கு ஓர் உதாரணம் கூறுவோம். மண்டபம் அகதி முகாமில் 1986-ஆம் ஆண்டில், இலங்கைப் பெற்றோர்க்கு ஒரு பெண் பிறந்தார். அவருக்குப் பாஸ்போர்ட்டு மறுக்கப்பட்டது. 2022-இல் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் பிறந்த நாள் 1987 ஜூலைக்கு முந்தியது ஆதலால், பெற்றோர் யாராயினும் அவர் இந்தியக் குடிமகளே என்று கூறிப் பாஸ்போர்ட்டு வழங்க ஆணையிட்டது. அங்கே நீதிமன்றம் புதிதாக ஒன்றையும் வழங்கவில்லை. சட்டம் பிறப்பிலேயே தந்திருந்ததை எடுத்துரைத்தது, அவ்வளவே.

இதற்கு மாறாக, உரிமையாக அன்றி விண்ணப்பித்துப் பெறும் குடியுரிமையும் உண்டு. அவ்வகையில் முடிவு செய்யும் அதிகாரம் அரசாங்கத்தினுடையது. முகாம்களில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர் சிலரது வழக்கில் அதே மதுரைக் கிளை 2019-இல், விண்ணப்பங்களைப் பரிசீலித்து முடிவு கூறுமாறு அரசாங்கத்துக்கு ஆணையிட்டதேயன்றிக் குடியுரிமையைத் தானே வழங்கிவிடவில்லை. உரிமை வேறு, விண்ணப்பம் வேறு என்ற இந்தப் பாகுபாட்டை அறியாது ஏமாற்றமடைவோர் பலர்.

நெடுங்காலம் வசித்தால் மட்டும் போதாதா என்று சிலர் கேட்பர். போதாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் விடை. ஈரான் தேசத்தவர் ஒருவர் பல்லாண்டுகள் பம்பாய் மாநிலத்தில் வாழ்ந்து, அரசியலமைப்புச் சட்டம் வந்த நாளிலேயே தாம் குடிமகனாகிவிட்டதாக வாதித்தார். 1966-இல் வந்த தீர்ப்பு, வாசத்தோடு 'இதுவே இனி என் நாடு' என்ற நிலையான எண்ணமும் சேர்ந்தாலன்றி நிலைவாசம் ஆகாது என்றது. எண்ணத்தைக் கண்ணால் காண முடியாது. ஆகவே, ஒருவருடைய நடத்தையிலிருந்தும் அவர் கையொப்பமிட்ட காகிதங்களிலிருந்துமே நீதிமன்றம் அதனை உய்த்துணர்கிறது.

இனி, இத்தகைய வழக்குகளின் உயிர்நாடியான கேள்விக்கு வருவோம்: நிரூபிக்க வேண்டியவர் யார்? குற்ற வழக்கில் குற்றத்தை நிரூபிப்பது சர்க்காரின் பொறுப்பு. ஆனால் அயல்நாட்டவர் என்று சட்டப்படி குற்றஞ்சாட்டப்பட்டவரோ, தாம் அயல்நாட்டவர் அல்லர் என்பதைத் தாமே நிரூபித்தல் வேண்டும். 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டம் இவ்வாறு விதித்தது. அதற்குப் பதிலாக 2025 செப்டம்பர் முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்திலும் இவ்விதி தொடர்கிறது. பிறப்பும் பெற்றோரும் ஒருவர் தாமே நன்கறிந்த செய்திகள் என்பது இதற்குக் கூறப்படும் காரணம்.

எனினும் இவ்விதி அதிகாரிகளின் கையில் தடையற்ற வாள் அன்று. 2024 ஜூலையில், அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவாக்கிற்று. சந்தேகத்துக்கு ஆதாரமான தகவல் ஏதேனும் அதிகாரிகளிடம் முதலில் இருத்தல் வேண்டும். அதனைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தல் வேண்டும். அதன் பின்னரே நிரூபிக்கும் பொறுப்பு அவர்மீது வரும். பெயரின் எழுத்திலும் தேதியிலும் காணும் சிறு வேற்றுமைகளைக் கொண்டு ஒருவரை அயலார் என்று தள்ளுதல் கூடாது. அம்மனுதாரர் இந்தியரே என்று தீர்ப்பாயிற்று. ஆனால் அந்தோ! தீர்ப்புக்கு இரண்டரை ஆண்டுகளுக்கு முன்பே அவர் காலமாகியிருந்தார். நீதி வென்றது, அதைக் கேட்க அவர் இல்லை.

வாக்காளர் பட்டியலில் ஏற்கெனவே பெயர் உள்ளவரின் நிலை இன்னும் வலியது. பம்பாயிலும் தில்லியிலும் ஏழை மக்கள் பலருக்கு, 'குடியுரிமையை நிரூபிக்காவிட்டால் பெயர் நீக்கப்படும்' என்று அறிவிப்புகள் சென்றன. 1995-இல் உச்ச நீதிமன்றம் அவற்றை ரத்துச் செய்தது. முறைப்படி முன்பே சேர்க்கப்பட்ட பெயரை எளிதில் நீக்கலாகாது; நீக்குவதற்கு முன் காரணத்தைத் தெரிவித்து, அவர் காட்டும் சான்றுகளைத் திறந்த மனத்துடன் ஆராய வேண்டும் என்றது. வேற்று நாட்டுப் பாஸ்போர்ட்டுப் பெற்றதாகக் கூறப்பட்டவர்க்குங்கூட, தாம் மனமுவந்து அதைப் பெறவில்லை என்று காட்ட வாய்ப்பளிக்க வேண்டுமென, சென்னைப் போலீஸ் கமிஷனர் எதிர்த்தரப்பாக இருந்த 1965-ஆம் ஆண்டு வழக்கிலேயே அது தீர்ப்பளித்திருக்கிறது.

பெயரைப் பற்றிய அந்த 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பு தமிழர்க்கு மிகவும் பொருந்துவது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்தே முன்னிற்கும். வடநாட்டு அலுவலகங்கள் அவ்வெழுத்தை விரித்துத் தந்தையின் பெயரைக் கடைசியில் எழுதும். ஒரு காகிதத்தில் முருகேசன், மற்றொன்றில் முருகேஷ். ஓரிடத்தில் ஊர்ப்பெயரே குடும்பப் பெயர் ஆகிவிடும். வழக்கில் இவையெல்லாம் ஒருவரே என்று காட்ட வேண்டியது நம் வேலையாகும். ஆகவே, வேற்றுமையைக் கண்டவுடனே திருத்திக்கொள்ளுதல் நன்று. பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சான்றிதழ், பெற்றோரின் பெயர் உள்ள பழைய வாக்காளர் பட்டியலின் நகல், நிலப்பத்திரம் ஆகியவற்றை ஊரிலுள்ள பெட்டியில் விட்டுவராமல் நகலேனும் உடன் வைத்திருத்தல் வேண்டும். ஆதார் அட்டை குடியுரிமைக்கு அத்தாட்சி அன்று என்பதை அச்சட்டமே சொல்கிறது.

1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்து, நீலகிரியில் மட்டுமன்றிக் கேரளத்தின் புனலூரிலும், கர்நாடகத்தின் சுள்ளியா, புத்தூர்ப் பகுதிகளிலும் தோட்டங்களில் வாழ்ந்துவரும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு அந்நாளில் பெற்ற இந்தியப் பாஸ்போர்ட்டே தலைமுறைச் சொத்து. பேரப்பிள்ளைகளின் உரிமைக்கும் அது வேர் ஆகலாம். அதனைக் கறையானுக்கு இரையாக்கலாகாது.

குடியுரிமை இல்லாதவர்க்கோ பாதுகாப்பே இல்லையா எனில், அவ்வாறும் அன்று. அகதிகள் பற்றிய 1951-ஆம் ஆண்டு சர்வதேச ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. ஆயினும் உயிரைக் காக்கும் 21-ஆம் ஷரத்து 'குடிமகன்' என்று கூறாமல் எந்த மனிதருக்கும் என்று கூறுகிறது. அருணாசலப் பிரதேசத்தில் வாழ்ந்த சக்மா மக்களைப் பலவந்தமாக வெளியேற்ற முனைந்தோரிடமிருந்து காக்குமாறு 1996-இல் உச்ச நீதிமன்றம் அம்மாநில அரசாங்கத்துக்கு ஆணையிட்டது இவ்வடிப்படையிலேதான்.

இறுதியாக ஒன்று. இத்தகைய வழக்குகளில் தோற்றவர் பலர் சான்று இல்லாமையால் தோற்றாரல்லர்; குறித்த நாளில் ஆஜராகாமையால் தோற்றவர். எதிர்த்தரப்பு இல்லாமலே தீர்ப்பாகிவிட்ட வழக்கை மீண்டும் எழுப்புதல் அரிது. அறிவிப்பு வந்தால் அஞ்சி ஒளிய வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். தேதியைக் குறித்துக்கொண்டு, சட்டம் அறிந்தவரைக் கலந்து, சந்தேகத்துக்கான காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெறுக. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்க்கு மாவட்டந்தோறும் இலவசச் சட்ட உதவி மையங்கள் இருக்கின்றன. சந்தேகம் சான்றாகாது என்பது நீதிமன்றத்தின் நெறி. அந்நெறியின் பயனைப் பெறுவதற்கு, நம் சான்றோடு நாம் அங்கே போய் நிற்றல் வேண்டும்.