பிரசவ அறையில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு... ஆப்பிரிக்கத் தாய்மார்களைக் காக்கும் 15 நிமிடங்கள்!

குழந்தை பிறந்து, அழுதும்விட்டது. 'தாயும் சேயும் நலம்' என்று வெளியே காத்திருக்கும் சொந்தங்களுக்குச் சேதி போகிறது. ஆனால், தாய்க்கு ஆபத்தான நேரம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. நஞ்சு வெளியேறியதும் கர்ப்பப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்காவிட்டால், திறந்துவிட்ட குழாய்போல ரத்தம் கொட்டும். கவனிக்காமல் விட்டால், இரண்டு மணி நேரத்தில்கூட உயிர் போய்விடும்.

கர்ப்பம், பிரசவம் சார்ந்த காரணங்களால் 2023-ல் உலகம் முழுக்க சுமார் 2,60,000 பெண்கள் இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 70 சதவிகிதம் பேர் சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்தவர்கள். நைஜீரியாவில் மட்டும் சுமார் 75,000 பேர். இந்த மரணங்களுக்கு முக்கியக் காரணம், உதிரப்போக்கு. தாயை இழந்த கைக்குழந்தை முதல் பிறந்தநாளைக் காணும் வாய்ப்பும் குறைந்துவிடுகிறது.

இத்தனைக்கும் ஆக்ஸிடோசின், டிரானெக்ஸாமிக் அமிலம் என இதற்கான மருந்துகள் பல காலமாகவே இருக்கின்றன. சிக்கல், கண்ணளவில் இருக்கிறது. துணியில் ஊறியது, தரையில் சிந்தியது, பனிக்குட நீரோடு கலந்தது என்று ரத்தம் பல வழிகளில் போகும்போது, அரை லிட்டரைத் தாண்டினாலும் 'வழக்கமானதுதான்' என்றே தோன்றும். கூட்டம் நிரம்பிய வார்டில் ஒருவரே பல பிரசவங்களைப் பார்க்கும்போது, செவிலியரைக் குறை சொல்லவும் முடியாது.

இதற்குத் தீர்வு தேடியதுதான் 'இ-மோட்டிவ்' ஆய்வு. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆரி குமாரசாமி தலைமையில் கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் சுமார் 80 மருத்துவமனைகளில் நடந்தது. இதில் இடம்பெற்ற பெண்கள் 2,10,000-க்கும் மேல்.

தாயின் அடியில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. அதன் கீழ்ப்பகுதி பைபோல இருக்கும். ரத்தம் அதில் சேரும். பையில் அளவுக்கோடுகள் உண்டு. 500 மில்லி கோட்டைத் தொட்டால் யாரையும் கேட்கத் தேவையில்லை, சிகிச்சையைத் தொடங்கிவிட வேண்டும். (இப்படி அளவு குறித்த விரிப்பு ஒன்று, நம் கர்நாடகத்தின் பெல்காமில் நடந்த ஆய்வுக்காக முன்பே உருவாக்கப்பட்டது!)

முன்பெல்லாம் ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு, நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போவார்கள். அந்தக் காத்திருப்பில்தான் பல உயிர்கள் கைநழுவின. புதிய முறையில், வயிற்றின் மேலிருந்து கர்ப்பப்பையைத் தேய்த்துவிடுவது, கர்ப்பப்பையைச் சுருக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழியாகத் திரவம், கிழிசல் இருக்கிறதா என்ற பரிசோதனை என எல்லாவற்றையும் 15 நிமிடங்களுக்குள் ஒருசேரச் செய்ய வேண்டும். சாமான்கள் அத்தனையும் ஒரே தள்ளுவண்டியிலோ பெட்டியிலோ தயாராக இருக்கும். சாவி தேடும் வேலையே இல்லை.

2023-ல் முடிவுகள் வெளியாயின. வழக்கமான முறையில் பாதி உதிரப்போக்குகள்தான் கண்டறியப்பட்டன. விரிப்பு வந்ததும் அது 93 சதவிகிதமானது. கடுமையான உதிரப்போக்கு உள்ளிட்ட பெரும் பாதிப்புகள் 60 சதவிகிதம் குறைந்தன. ஆனால், மரணங்களை மட்டும் தனியாக எடுத்துக்கொண்டால், குறைந்தது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. ஆய்வு நடந்த மருத்துவமனைகளில் ரத்தப்போக்கால் நேர்ந்த மரணங்களே மிகச் சிலதான்.

விரிப்பு மட்டும் எல்லாவற்றையும் மாற்றிவிடாது. ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். மின்சாரம் போய்ப்போய் வரும் ஊர்களில் அது வீரியம் இழக்கும். அதனால்தான் வெப்பத்தைத் தாங்கும் கார்பெட்டோசின் என்ற மருந்துக்கு இன்று மதிப்பு. ரத்தம் கிடைப்பதும் பாடுதான். மலைகள் நிறைந்த ருவாண்டாவில் 2016 முதல் ட்ரோன்கள் மூலம் மருத்துவமனைகளுக்கு ரத்தம் அனுப்புகிறார்கள். ரத்தசோகையோடு பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கோ, மற்றவர்கள் தாங்கும் இழப்புகூட ஆபத்தாகிவிடும். அவளுக்கான சிகிச்சை, கர்ப்பகாலத்தின் இரும்புச்சத்து மாத்திரையிலேயே தொடங்க வேண்டும்.

ஆய்வில் இடம்பெற்றவை மருத்துவமனையில் நடந்த சுகப்பிரசவங்கள் மட்டுமே. வீட்டிலேயே பிள்ளை பெறுபவர்களுக்கும், வண்டி கிடைக்காமல் வழியில் நிற்பவர்களுக்கும் அந்த விரிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.