படகின் முதுகில் பதினேழு ஓட்டை

"தாத்தா, எங்க ரெஸ்க்யூ போட்டையே யாராவது ரெஸ்க்யூ பண்ணணும் போல இருக்கு!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கு நடுவில் என் பேத்தி இப்படிச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பயிற்சி முடிந்து வந்தவளின் கான்வாஸ் ஷூ சொதசொதவென்று நனைந்திருந்தது. துடுப்புப் படகில் நனைந்ததல்லவாம். கூடவே வரும் மீட்புப் படகில் அன்று அவளை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதில் கணுக்கால் அளவு தண்ணீர். மாஜி, அதாவது படகோட்டி, ஒரு கையால் திசை பிடித்துக்கொண்டு மறு கையால் டால்டா டப்பாவில் அள்ளி அள்ளிக் கொட்டினாராம்.

லேக் கார்டன்ஸில் குடியிருக்கும் நம் சங்க அன்பர்களுக்கு ஏரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில் பாதையைத் தாண்டினால் ஏரிதான். 1920களில் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் வெட்டியது. 1958ல் ரவீந்திர சரோபர் என்று பெயர் மாறியது. கரை ஓரமாகத் துடுப்புப் படகுச் சங்கங்கள். அவற்றில் கல்கத்தா ரோயிங் கிளப் 1858ல் தோன்றியது. நம் மெட்ராஸ் போட் கிளப்புக்கு (1867) அண்ணன் முறை. இத்தனை அழகும் பழமையும் உள்ள இந்த ஏரியில்தான் 2022 மே 21ஆம் தேதி மாலை காலபைசாகிக் காற்றில் பயிற்சிப் படகு கவிழ்ந்து இரண்டு பள்ளி மாணவர்கள் உயிரிழந்தார்கள். அன்று இரவு இந்தப் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்கள் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டார்கள். பேத்தி துடுப்புப் பிடிக்க ஆசைப்பட்டபோது என் மருமகள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள்: "மாமா, நீங்க போய் அந்த மீட்புப் படகைப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க, அப்புறம் சேரட்டும்."

நானும் போனேன். தூரத்திலிருந்து பார்த்தேன். பளபளவென்று பெயிண்ட் அடித்து நின்றது. "நல்லாத்தான் இருக்கு" என்று வந்து சொன்னேன். நாற்பது வருஷம் உலோகத்தோடு உத்தியோகம் பார்த்தவன் சொன்ன வார்த்தை. அதனால்தான் அந்த நனைந்த ஷூ என்னைச் சுட்டது.

மறுநாளே படகுக் கொட்டகைக்குப் போய் நின்றேன். (எந்தச் சங்கம் என்பது இங்கே வேண்டாம், அவர்கள் நல்லவர்கள், என்னை உள்ளே விட்டார்கள்.) பதினாலு அடி அலுமினியப் படகு, தட்டையான அடி. பின்பக்கம் குறுக்காக நிமிர்ந்து நிற்கும் முதுகுத் தகடுதான் டிரான்சம். நம் கடற்கரைக்காரர்கள் படகின் முன்பக்கத்தை அணியம் என்றும் பின்பக்கத்தைக் கடையால் என்றும் சொல்வார்கள். அந்தக் கடையாலை அடைத்து நிற்கும் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரை மாட்டுவது இதில்தான். தகடு மட்டும் மோட்டாரைத் தாங்காது என்பதால் உட்புறம் பிளைவுட் வைத்து, அதன்மேல் இன்னொரு தகடு போட்டு மூடியிருப்பார்கள். சாண்ட்விச் மாதிரி.

பழைய மோட்டார் கழற்றிய துளை, எதற்கோ பிராக்கெட் அடித்த துளை என்று அந்த முதுகில் ஏகப்பட்ட வடு. இவை போதாதென்று பெயிண்ட் ஆங்காங்கே அம்மைக் கொப்புளம் போல எழும்பியிருந்தது. நகத்தால் சுரண்டினால் உள்ளே வெள்ளைப் பொடி. இரும்புக்குத் துரு, பித்தளைக்குக் களிம்பு, அலுமினியத்துக்கு இந்த வெள்ளைப் பூப்பு.

இங்கே ஒரு தப்பை ஒப்புக்கொள்கிறேன். முதல் நாள் நான் செய்தது சாட்சாத் சோம்பேறி வைத்தியம். கடையில் விற்கும் எபாக்சி மக்கைப் பிசைந்து எல்லா ஓட்டையிலும் அப்பி, கை தட்டிவிட்டு வந்துவிட்டேன். பன்னிரண்டு நாள் தாங்கியது. பதிமூன்றாம் நாள் மக்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் புது ஓட்டை!

அன்று மாலை வீட்டில் என் மனைவி சமையலறை மூலையில் கிடந்த பழைய அலுமினிய இட்லிப் பானையை எடுத்துக் காட்டினாள். 1978ல் நாங்கள் சேலத்திலிருந்து இங்கே வந்தபோது கூடவே வந்தது. "இதுக்கும் அடியில மக்கு வெச்சீங்க, ஞாபகம் இருக்கா? பக்கத்துல பொத்துண்டு போச்சே" என்றாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஊசி முனை அளவில் ஏழெட்டு நட்சத்திரம் தெரியும்.

அலுமினியத்தின் சமாசாரமே இதுதான். காற்றுப் பட்ட மாத்திரத்தில் அது தன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் ஒன்றைப் போர்த்திக்கொள்கிறது. கீறினால் உடனே மறுபடி போர்த்தும். அந்தத் தோல் இருக்கும்வரை கவலையில்லை. புளி, உப்பு, சோடா இவற்றுக்கு அந்தத் தோல் ஆகாது. அதனால்தான் நம் பாட்டிமார் ரசத்தை ஈயச் செம்பில் வைத்தார்களே தவிர அலுமினியத்தில் விட்டுவைக்கவில்லை. ஈரமான பொருள் ஒன்று அதை ஒட்டிக்கொண்டே இருந்து காற்றை மறைத்தாலும் தோல் பழுதாகும். பிறகு தகடு முழுக்கத் தேயாது. ஒரே இடத்தில் குழி விழுந்து துளைத்துக்கொண்டு மறுபுறம் வரும். ஆக, வெளியே தெரிந்த ஓட்டையின் வேர் உள்ளே இருக்க வேண்டும். உள் தகட்டைக் கழற்றச் சொன்னேன்.

சங்கத்துக்காரர்கள் தயங்கினார்கள். பிரித்தால் சீசன் போய்விடும் என்றார்கள். மாஜிதான் என் பக்கம் நின்றார். "காகாபாபு சொல்றது சரி. நான்தான் தினமும் இதுல உட்கார்றேன்" என்று வங்காளத்தில் ஒரே வாக்கியம். பிரித்தோம்.

பிளைவுட் என்ற பெயரில் உள்ளே இருந்தது தண்ணீரில் ஊறிய கறுப்பு ரொட்டி. விரலால் பிய்க்க வந்தது. முன்பு யாரோ ரிப்பேர் செய்தபோது மரம் கெடாமலிருக்கச் செம்பு கலந்த பச்சை மருந்து பூசியிருக்கிறார்கள். மரத்துக்கு நல்ல எண்ணத்தில் செய்தது. அலுமினியத்துக்கு அது விஷம். போல்ட்டுகள் சாதா இரும்பு. தண்ணீர் வடிக்கும் அடைப்பானின் கழுத்து பித்தளை. அதைச் சுற்றித் தகடு எலி கரம்பியது போல் அரித்திருந்தது. இரண்டு வேறு உலோகம் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால் அது ஒரு பாட்டரி செல். இரும்போ பித்தளையோ செம்போ, எதனோடு சேர்ந்தாலும் கரைந்து போவது அலுமினியம்தான்.

படகைக் கட்டைமேல் ஏற்றி உள்ளே நாலு அங்குலம் மட்டும் தண்ணீர் விட்டோம். அதற்கு மேல் விட்டால் தண்ணீரின் பாரமே தகட்டை வளைத்துவிடும். வெளியே கசிந்த இடத்தையெல்லாம் பேத்தி சாக்பீஸால் வட்டமிட்டாள். தண்ணீர் எட்டாத மேல்பகுதிக்கு உள்ளே டார்ச் அடித்து வெளியே வெளிச்சம் வந்த இடத்தைப் பார்த்தோம். மொத்தம் பதினேழு.

வெல்டிங் வைத்துவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். ஹவுராவில் ஆர்கான் வெல்டிங் செய்யும் மிஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் ஆக்சைடோ 2000 டிகிரிக்கு மேல். தோலை உருக்குவதற்குள் அடியில் உள்ள தகடு ஒழுகிவிடும். சுத்தமான தகடானால் தோலை நீக்கிவிட்டு ஒட்டலாம். குழி விழுந்து மெலிந்து, மக்கும் எண்ணெயும் ஊறிய தகட்டில் ஓட்டை பெரிதாகும். "காசு வாங்கிட்டு உங்க படகைக் கெடுக்க மாட்டேன்" என்று அந்த மனிதர் திருப்பி அனுப்பினார். இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ரிவெட் வழி. வெள்ளைப் பூப்பைத் துருப்பிடிக்காத எஃகு பிரஷால் தேய்த்து எடுத்தோம். சாதா இரும்பு பிரஷ் கூடாது. அதன் துகள் தகட்டில் பதிந்து புது அரிப்பைக் கிளப்பும். சின்னத் துளைகளை வட்டமாகத் துளைத்து, முனை மூடிய அலுமினிய ரிவெட்டை பாலியூரித்தேன் சீலன்டில் தோய்த்து அடித்தோம். அடைப்பானைச் சுற்றியிருந்த பெரிய புண்ணுக்கு 5052 ரகத் தகட்டில் ஒட்டு. அதில் இரண்டரை சதவீதம் போல மெக்னீசியம் கலந்திருக்கும். பாத்திரத் தகட்டைவிட வலு அதிகம். ஒட்டின் மூலைகளை வட்டமாக்கி, அடியில் சீலன்ட் தடவி, சுற்றிலும் ரிவெட் அடித்தோம்.

தகட்டைத் தேய்க்கும்போது பேத்திக்குப் பழங்கதையும் சொன்னேன். சேர்வராயன் மலையிலிருந்து பாக்சைட் லாரி இறங்கும். 1965ல் மேட்டூரில் தொடங்கிய மால்கோ ஆலைக்குப் போகும். ஊரில் அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதற்கும் முன்னால், 1898லேயே ஆல்ஃபிரெட் சாட்டர்டன் சென்னை ஓவியக் கல்லூரியில் அலுமினியப் பாத்திரம் அடிக்க ஆரம்பித்துவிட்டார். அவள் கவனமெல்லாம் ரிவெட் துப்பாக்கியில்தான் இருந்தது.

மரம் புதிதாக மரைன் பிளைவுட், ஐ.எஸ். 710 முத்திரை போட்டது. விளிம்பெல்லாம் எபாக்சி மூன்று பூச்சு. போல்ட் துளையை வேண்டியதைவிடப் பெரிதாகப் போட்டு எபாக்சியால் நிரப்பி, காய்ந்தபின் நடுவில் மறுபடி துளைத்தோம்; போல்ட் வழியாகத் தண்ணீர் இறங்கினாலும் மரத்தைத் தொடாது. போல்ட்டுகள் 316 ஸ்டெயின்லெஸ். அதுவும் அலுமினியத்துக்கு அந்நியம்தான், ஆகையால் நைலான் குழாயும் வாஷரும் போட்டுப் பிரித்துவைத்தோம். பித்தளைக் கழுத்துக்குப் பதில் நைலான். அடியில் ஒரு மெக்னீசியக் கட்டி: தகட்டுக்குப் பதிலாகத் தான் கரைந்து போகும் தியாகி. உப்புத் தண்ணீரானால் துத்தநாகம். நம் ஏரி நல்ல தண்ணீர், அதில் துத்தநாகம் சரியாக வேலை செய்யாது. இப்போது மாட்டியிருப்பது பாட்டரி மோட்டார். அதன் ஒயர் எதுவும் படகின் உடம்பைத் தொடக் கூடாது. கசியும் மின்சாரம் அலுமினியத்தைத் தின்னும் வேகத்துக்கு முன்னால் புளித் தண்ணீர் எம்மாத்திரம்.

பத்து ஞாயிறு ஆயிற்று. அதுவரை பேத்தியை நான் தண்ணீரில் இறங்க விடவில்லை; பத்து வாரமும் என்னோடு அவள் பேசியது குறைவு.

படகை இறக்கிய அன்று மாலை மணல் மூட்டைகளை ஏற்றி, ஆள் பாரம் கொடுத்து நிறுத்தினோம். மாஜி ஒரு வங்காளிப் பேப்பரை விரித்து, டிரான்சத்தின் அடியில் போட்டு அதன்மேல் ஒரு கல்லை வைத்தார். இரவு நான் இரண்டு முறை எழுந்து தண்ணீர் குடித்தேன். காலை ஐந்தரைக்கு மருமகளும் என்னோடு கிளம்பிவிட்டாள்.

நாங்கள் போனபோது மாஜி படகுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். அந்தப் பேப்பரைப் பொட்டலமாகச் சுருட்டி, அதில் முரி போட்டுத் தின்றுகொண்டிருந்தார். "காகாபாபு, எடுத்துக்குங்க, நமுத்துப் போகலை" என்று நீட்டினார். மருமகள்தான் முதலில் கை நீட்டினாள்.